படத்தில் உப்பிய வயிறு

கோணலாகத்தான் எழுதுகிறேன், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மண்ணூர் வீட்டில் வாடகைக்கு இருக்கிற கம்பெனித் தம்பி நேற்று பென்சில் சீவினார். அந்த மரவாசனையில் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னப் பெண். சித்தப்பா கொல்லையில் உட்கார்ந்து, கட்டியிருந்த எங்கள் எருமையை வரைந்துகொண்டிருந்தார். படத்தில் ஈர மூக்கு மின்னியது.

“வெள்ளப் பென்சில் ஏது சித்தப்பா?”

“ஏதும் இல்ல. அந்த எடத்துல காயிதத்த அப்டியே வுட்டுட்டேன்.”

வயிற்றில் லேசாகத் தீட்டி விரலால் தேய்த்தார். வயிறு உருண்டு எழுந்து வந்தது. அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா தம்பி, ஒரு பக்கம் மட்டும் பானையக் கவுத்து வச்சிருக்க?”

“மாட்டுல கீறதத்தான் அண்ணி போட்டேன்.”

அம்மா நிமிர்ந்து எருமையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நிஜமாகவே இடது பக்கம் உப்பி, எருமை மூச்சுக்குத் திணறியது. மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டி, வயிற்றைத் தேய்த்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அசைபோட ஆரம்பித்தது.

சித்தப்பாவுக்கு மாட்டு நோய் எதுவும் தெரியாது. மாட்டின் மேல் விழுந்த வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பார்த்து வரைந்தவர் கையில் அது எப்படி அகப்பட்டதோ! வயிறு உப்புவது இடது பக்கம்தானா என்று மாடு வளர்ப்பவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது படத்திலிருந்த எருமைதான்.