பித்தளைத் தகடு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு கிடக்கிறது. நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள். அதில் பொறித்திருக்கும் ஆங்கில வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பர்மா போர்முனையில் ஒரு தமிழ்ச் சிப்பாய் கீறிய பிரார்த்தனை. கடவுளே, எங்களைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்.' படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முழுக்க முழுக்க நான் விட்ட புளுகு.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெக்சாஸில், பிளானோவில், ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. என் மேனேஜர் ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்த வெள்ளைக்காரர். இளவயதில் அமெரிக்க ராணுவத்துக்காக பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர். அவர் வீட்டு கராஜில் ஒரு பழைய பிரென் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை பயன்படுத்தியது. அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்து வாங்கியிருந்தார். அதைச் சுட்டுப் பார்ப்பதைவிட அதனுடைய கோப்பைப் புரட்டுவதில்தான் அவருக்கு ஆனந்தம். எந்தப் படைப்பிரிவிடம் இருந்தது, எங்கே ஏலம் போனது, யார் கை மாறி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் வைத்திருந்தார். "இந்தக் காகிதம் இல்லையென்றால் இது வெறும் பழைய இரும்பு" என்பார். ஒன்றே ஒன்றுக்குத்தான் அவரிடம் காகிதம் இல்லை. துப்பாக்கியோடு வந்த மரப்பெட்டியின் மூடியில், உட்பக்கம், யாரோ ஆணியால் ஐந்து வரி கீறியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, அவரைப் போலவே பழைய துப்பாக்கி சேர்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சூழ்ந்திருக்க, என்னை அந்தப் பெட்டியின் முன் உட்காரவைத்தார். பார்த்தவுடனே தமிழ் என்று தெரிந்துவிட்டது. "இது என் மொழி" என்று பெருமையாகச் சொன்னேன். கராஜே கை தட்டியது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மதராஸில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் மார்க் அள்ளலாம் என்று பள்ளியில் பிரெஞ்சு எடுக்கவைத்தார்கள். தமிழ் தெரியாது என்பதைக் கல்லூரி நாட்களில் ஒரு அந்தஸ்தாகவே சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது இத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. போர்க்களத்தில் ஒருவன் என்ன எழுதப்போகிறான், சாமியைத்தான் கூப்பிட்டிருப்பான் என்று தோன்றியது. விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டே அந்தப் பிரார்த்தனையை இட்டுக்கட்டினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே தகடு செய்து மூடியில் பதித்துவிட்டார். கோப்பில் என் பெயரும் ஏறியது.

அதன்பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி விருதுநகர்ப் பக்கம், தமிழ் மீடியம். அவளுடைய ஆங்கிலத்தை நான் சீண்டாத நாள் கிடையாது. மேனேஜர் எங்களை விருந்துக்கு அழைத்து, சாப்பிட்டு முடித்ததும், கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். அழகான பிரார்த்தனை, இல்லையா என்று அவளைக் கேட்டார். அவள் மூடியைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யெஸ்" என்றாள்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. பிறகு கேட்டாள். "ஏங்க, உங்களுக்குத் தமிழ் படிக்கவே வராதா?"

மூடியில் இருந்ததை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். 'இதைச் சுட்டவன் வேலாயுதம். தகப்பன் சங்கரன். ஆற்றங்கரையில் செத்தான். நாங்களே புதைத்தோம். தாயாருக்கு யாராவது தெரிவிக்கவும்.' கூடவே ஊர்ப் பெயர். அந்த ஊரை இங்கே எழுத எனக்கு முகமில்லை.

"நாளைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க. ஊருக்கும் ஒரு லெட்டர் போடலாம்" என்றாள்.

"கிரீன் கார்டு பேப்பர் அவர் கையெழுத்துலதான் நிக்குது. இப்ப போய்ப் பொய் சொன்னேன்னு சொல்லவா?"

"ஊருக்காவது எழுதலாமே?"

"அவங்க பெட்டியோட போட்டோ கேட்டா மறுபடி அவர்கிட்டதான் போகணும். கார்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கார்டு வர இரண்டு வருடம் ஆனது. அத்தனை நாளும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அட்டை தபாலில் வந்த அன்று ஒரு ஏரோகிராம் கடிதத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். எப்போது படித்தோம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை, அவளும் எழுதவில்லை.

இறந்தவரின் தம்பியிடமிருந்து பதில் வந்தது. அதையும் அவள்தான் படித்துக் காட்டினாள். அண்ணனைக் காணவில்லை என்று ஒரு தந்தி மட்டும்தான் வந்ததாம். அவன் இருக்கிறான் என்றே அம்மா நம்பியிருந்தாளாம். திவசம் கொடுக்க விடவில்லை, ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுக்கவும் விடவில்லை. போன தை மாசம் தவறிவிட்டாள். கடைசி வரி இது: 'பெட்டியைக் கண்ட உடனே எங்களைத் தேடி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.' அவள் கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மேனேஜர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கிரீன் கார்டுக்காகக் காத்திருந்ததையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டு, தன் கையால் கோப்பில் எழுதிக்கொண்டார். வேலாயுதம் என்ற பெயரை மூன்று முறை சொல்லவைத்து எழுத்துச் சரிபார்த்தார். பிறகு திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகட்டை என்னிடம் நீட்டினார். "இது பெட்டியைச் சேர்ந்ததல்ல. உன்னுடையது" என்றார். அதற்கப்புறமும் ஆபீசில் மரியாதையாகத்தான் பேசினார். கராஜுக்கு மட்டும் கூப்பிடவே இல்லை.

அந்த வருடமே மனைவியிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டி நானாக முதலில் படித்தது தம்பியின் கடிதத்தைத்தான். அந்த 'உடனே' என்ற சொல்லைத் தாண்டி அன்று என்னால் போக முடியவில்லை. கடிதம் இப்போதும் இழுப்பறையில், தகட்டுக்குக் கீழே இருக்கிறது. தகட்டைப் போலவே கடிதத்தையும் இப்போது என்னால் தடையில்லாமல் படிக்க முடிகிறது.