உரக்கடை மாடியில் ஒரு ஐடி கம்பெனி

பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து உரக்கடையின் மாடியில் ஐடி கம்பெனி வரப்போகிறது என்று எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் பேச்சு அடிபட்டபோது நான் நம்பவில்லை. மறுநாள் வாட்ஸப்பில் திறப்பு விழா அழைப்பே வந்துவிட்டது. கம்பெனியைத் தொடங்கி அழைப்பை அனுப்பியவள், கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். "நீ வராம நான் வெளக்கேத்த மாட்டேன்" என்று கீழே எழுதியிருந்தாள்.

நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் கணிதம் படித்தோம். வகுப்பில் நான்தான் முதல். பரீட்சைக்கு முந்தைய வாரம் அவள் என் நோட்டை வாங்கிக்கொண்டு போய் எழுதிக்கொள்வாள். கடைசி வருடம் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்து ஆள் எடுத்தார்கள். இருவருக்குமே வேலை கிடைத்தது. அவள் போனாள், நான் போகவில்லை. அப்பா விடவில்லை என்று இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். "போய்த்தான் பாரேன் ஆத்தா, பிடிக்கலேன்னா வந்துரு" என்றுதான் அப்பா சொன்னார். நான்தான் பயந்தேன். எல்லோரும் இங்கிலீஷில் பேசும் இடத்தில் வாயைத் திறக்க முடியாமல் நிற்பேனோ என்ற பயம். பி.எட். முடித்து உள்ளூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சரானேன்.

அவள் சென்னை போனாள், பெங்களூரு போனாள், அப்புறம் கடல் தாண்டியும் போனாள். அவள் அனுப்பும் படங்களில் அவள் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. படத்தைப் பெரிதாக்கி, பின்னால் தெரியும் சமையலறையைப் பார்ப்பேன். என்ன இருந்தாலும் நான் என் ஊரில், என் மனிதர்களோடு இருக்கிறேன், அவளுக்கு அது இல்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்வேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். இப்போது அதற்கும் பங்குக்கு வந்துவிட்டாள்.

திறப்பு விழாவுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக இருபது கம்ப்யூட்டர்கள். வெளிநாட்டுக் கடைகளின் ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்கிற வேலையாம். சுற்றுவட்டாரத்துப் பெண்கள்தான் வேலைக்கு. அவர்கள் எதிரில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "இவ நோட்டு இல்லேன்னா நான் பாஸே பண்ணிருக்க மாட்டேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூட நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அந்த வாரமே எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தார். கடலை விவசாயம் பண்ணுகிற குடும்பம். மகள் என்னிடம் படித்தவள், பி.சி.ஏ. முடித்திருந்தாள்.

"டீச்சர், ஒங்க சிநேகிதி கம்பெனில இவள எடுத்துட்டாகளாம். திங்கக்கெழமை வரச் சொல்றாக. அனுப்பலாமாங்க?"

ஒரு வார்த்தை, 'அனுப்புங்க' என்று சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

"அவசரப்படாதீங்க. இந்த மாதிரி கம்பெனியெல்லாம் எத்தன நாளைக்கு நிக்கும்னு யாருக்குத் தெரியும்? திடீர்னு பூட்டிட்டு மெட்ராசுக்கே போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று அம்மா அவளை அழைத்துப் போனார்.

சில மாதங்கள் கழித்துப் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றது பழகிய குரல். அதே பெண், கடை யூனிஃபார்ம் சேலையில் நின்றாள். எனக்காகப் பத்துப் பன்னிரண்டு சேலைகளைப் பிரித்துப் போட்டாள்.

"நாள் பூரா நிக்கணுமா?" என்று கேட்டேன்.

"பழகிருச்சு டீச்சர். கம்பெனி வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்கள்ல."

யார் சொல்லி அம்மா வேண்டாம் என்றார் என்பதை அவள் சொல்லவில்லை. கையில் கிடைத்த ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் உரக்கடை மாடி ஏறினேன். சிநேகிதி டீ வாங்கிவரச் சொன்னாள். டீ வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"எம்மேல என்னடி கோவம் ஒனக்கு?"

"கோவம் இல்ல. பொறாமை."

அந்தச் சொல்லை நான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரிப்பாள், கட்டிப்பிடிப்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை.

"எம்மேல பொறாமைன்னா என்னையத் திட்டிருக்கலாம்ல. அந்தப் புள்ள ஒனக்கு என்ன பண்ணுச்சு?"

அந்தப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. மறுபடி எடுக்கும்போது வந்து டெஸ்ட் எழுதச் சொல்லு. ஒனக்காக நான் எதையும் விட்டுக்குடுக்க முடியாது" என்றாள். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். "நான் தப்பாச் சொல்லிட்டேங்க. நல்ல கம்பெனிதான். மறுபடி ஆள் எடுக்கும்போது அனுப்புங்க" என்றேன்.

"அதுக்கென்ன டீச்சர், தெரியாமச் சொல்லிட்டீங்க."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். "தெரிஞ்சுதாங்க சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். எப்போதும் காப்பி கொடுக்காமல் என்னை அனுப்பாதவர், அன்றைக்கு உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த முறை ஆள் எடுத்தபோது அந்தப் பெண் டெஸ்ட் எழுதி, தன் கெட்டிக்காரத்தனத்தில் உள்ளே போனாள். இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு ஸ்கூட்டியில் போகிறாள். என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறாள். அவள் அம்மாதான் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உண்மையைச் சொல்வதானால், அந்த ஸ்கூட்டி திரும்பும் வரை பார்த்து நிற்கும்போது இப்போதும் எனக்குள் லேசாக எரியத்தான் செய்கிறது.

போன வாரம் திருமயத்தில் இன்னொரு கிளைக்கு இடம் பார்த்திருப்பதாகச் சிநேகிதி செய்தி அனுப்பினாள். முன்போல வா என்று கூப்பிடவில்லை, செய்தி மட்டும்தான். 'வாழ்த்துகள்' என்று எழுதி முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அனுப்பிவிட்டேன்.