வெறும் சுண்ணாம்பு

எங்கள் ஊர்க் கோவில் இப்போது அமெரிக்காவில் இருக்கிறது. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் இதைச் சொன்னபோது, சக டீச்சர்கள் நான் கதை விடுகிறேன் என்று சிரித்தார்கள். பங்காருபாளையம் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த சின்னக் கல் கோவில் அது. நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பது பேர். மிஷன் காலத்து வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் கட்டியது. ரோடு அகலமாகிறது, கோவில் போய்விடும் என்று நோட்டீஸ் வந்தது. அந்தப் போதகரின் பேரப்பிள்ளைகள் கேள்விப்பட்டு, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய்த் தங்கள் ஊரில் நிறுத்திக்கொள்கிறோம், உங்களுக்குப் புதுக் கோவில் கட்டித் தருகிறோம் என்று எழுதினார்கள்.

சபையில் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். கடிதமெல்லாம் என் கைக்கே வந்தது. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். சுவரில் குடும்பத்துக்கு ஒரு பங்கு. அந்த வருஷம் வீட்டில் யாராவது தவறியிருந்தால், அவர் பெயரைத் தங்கள் பங்கில் அடுப்புக்கரியால் எழுதி, ஜெபித்துவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். பிறகு அந்தப் பெயர் யார் கண்ணுக்கும் தெரியாது. கல்லறை கட்ட வழியில்லாத கூலிக்காரர்கள் ஆரம்பித்தது என்பார்கள். எங்கள் பங்கு வடக்கு ஜன்னலுக்கு இடப்புறம். நைனா அங்கே அம்மாவின் பெயரை எழுதியபோது, சுண்ணாம்பு வாளியோடு பக்கத்தில் நின்றவள் நான்.

பிரிக்க வந்த இன்ஜினியர் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இந்தப் பூச்சு கட்டும்போதே இருந்ததா என்று கேட்டார். இல்லை, வருஷா வருஷம் நாங்கள் அடிக்கிற வெறும் சுண்ணாம்புதான் என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில், டீச்சர் அல்லவா. பெயர்களைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. பட்டிக்காட்டுக் கூட்டம் என்று நினைத்துவிடுவாரோ என்று விழுங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால், சுவர் முழுக்கச் சுரண்டிக் கல்லுக்குக் கல் நம்பர் போட்டிருந்தார்கள். தரையெல்லாம் சுண்ணாம்புப் பொருக்கு. நைனா அதன் நடுவே குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலதில் கரிக்கோடு தெரிந்தது. ஒரு கொம்பு, ஒரு சுழி, பாதி எழுத்து. எது அம்மா, எது அடுத்த வீட்டுக்காரர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ சொல்லலியா அவங்களாண்ட?" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கல்லு போவட்டும். எம்பேர எங்க எழுதுவே?"

புதுக் கோவிலில் எழுதலாம் என்றேன். தலையாட்டினார். மறுநாள் அந்தப் பொருக்கையெல்லாம் டிராக்டரில் அள்ளி ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

அங்கே நிறுத்தியபின் போட்டோ அனுப்பினார்கள். கட்டின அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறதாம். இருக்கும். எங்கள் புதுக் கோவிலும் நல்ல கோவில்தான். ஃபேன், மைக், சுவரில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ். டைல்ஸ் கலர் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி.

போன ஆகஸ்டில் நைனா தவறினார். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கரித்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வடக்கு ஜன்னலுக்கு இடப்புறம் நின்றேன். கரி வழுக்கியது. நாலு தடவை அழுத்தி எழுதியும் மங்கலாகத்தான் விழுந்தது. மேலே அடிக்கச் சுண்ணாம்பு கிடையாது. அடித்தாலும் டைல்ஸில் நிற்காது. ஜெபித்துவிட்டு அப்படியே விட்டு வந்தேன்.

ஞாயிறன்று ஆராதனைக்குச் சீக்கிரமே போனேன். சித்தூரிலிருந்து புதிதாகப் பெருக்க வரும் அம்மா வாசலில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"யாரோ செவுத்துல கரியில கிறுக்கிட்டுப் போயிருக்காங்க மேடம். பண்டிகையும் அதுவுமா எதுக்குன்னு சுத்தமா தொடச்சிட்டேன்."

அது என் நைனாவின் பெயர் என்று சொல்லியிருக்கலாம். நல்லது என்றேன்.