அண்ணன் காரின் கூரை

பட்டறை வாசலில் ஹாரன் அலறியபோது சுத்தியல் அக்கா ஒரு பள்ளிக்கூட வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். ஆளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இறங்கி வந்து கூப்பிடும் பழக்கம் தன் அண்ணனுக்குக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு தடவை அலறட்டும் என்று வேனின் அடித்தகட்டைச் சாவகாசமாகத் தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அவள் சொந்தப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் புருஷன் இதே பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கூட இருந்த, நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் டிங்கர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். நசுங்கிய கதவோடு நின்ற வண்டிக்காரன் வாசலில் கத்த, புருஷன் கையைப் பிசைய, பார்த்துச் சகிக்காமல் அவள் சுத்தியலை எடுத்தாள். அந்தக் கதவு நாசமாய்ப் போனது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கப்புறம் அவள் நிமிர்த்தியவற்றில் கை வைத்துக் குறை சொன்னவர்கள் இல்லை. இன்று லாரிக்காரர்கள்கூட அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். யாரையும் மதிக்காதவள் என்று பெயர். அது பொய்யும் இல்லை. தன் வண்டியைத் தானே இடித்துவிட்டு எதிரே வந்தவன்மேல் பழி போடுகிறவர்களையே தினம் தினம் பார்க்கிறவளுக்கு மனித ஜாதிமேல் எவ்வளவு மதிப்பு மிஞ்சும்?

அண்ணன் கண்ணாடியை இறக்கினான். பக்கத்து சீட்டில் அண்ணி, மடியில் பையை வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“பாப்பா, கூரையில லேசா துரு. பழைய கார் கண்காட்சிக்கு முன்னாடி தொட்டு விட்டுடு. சின்ன வேலைதான்.”

ஐம்பதை நெருங்குகிறவளைப் பாப்பா என்றான். அவள் காரைச் சுற்றி நடந்தாள். அப்பாவின் கார். கம்பெனி டிரைவராக இருந்த அப்பா, கம்பெனி கழித்துக்கட்டிய வண்டியைக் கெஞ்சி வாங்கி வந்தார். சின்ன வயதில் வாராவாரம் அதைக் கழுவியது அவள். ஓட்டக் கற்றுக்கொண்டது அண்ணன். சாவி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காரு?” என்று அப்பாவை முந்திக்கொண்டு சொன்னதும் அவன்தான்.

இப்போது கூரைமேல் கறுப்பு ரெக்சின் ஒட்டியிருந்தது. பணக்காரக் களை வரும் என்று எவனோ சொன்னானாம், அண்ணன் ஒட்டிவிட்டான். ரெக்சினுக்கு அடியில் அங்கங்கே கொப்புளம். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். கூடவே பழுப்புத் தூள் கொட்டியது.

கூரை முழுக்க அம்மை விளையாடிய முகம்போல் குழிகள்.

“லேசா துரு,” என்றாள் அவள்.

“மேல பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா தெரியவா போகுது?”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

வேலையை ஏன் ஒத்துக்கொண்டாள் என்று புருஷன் கேட்டார். “அது அப்பாவோட தகரம். அவன் செஞ்ச பாவத்துக்கு அது என்ன பண்ணும்?” என்றுவிட்டு உள்கூரைத் துணியைக் கழற்றப் போனாள். துணியோடு சேர்ந்து தூசியும் ஒரு காலி எலிக்கூடும் அவள் தலையில் விழுந்தன.

மறுநாளிலிருந்து அண்ணன் தினமும் வந்தான். மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். எவராவது வேலை செய்வதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. அண்ணியும் கூடவே வருவாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாள், அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவாள், மற்ற நேரம் காரின் முன்சீட்டில் போய் அமர்ந்துகொள்வாள். சுத்தியல் அக்காவுக்கு அண்ணனைப் பார்த்தால் எரிச்சல் வந்தது. அண்ணியைப் பார்த்தால் அதுகூட வரவில்லை. கடை வாசல் பொம்மைமேல் யாராவது எரிச்சல்படுவார்களா?

“வட்டமா தேய்க்கக் கூடாது பாப்பா, நீளவாக்குல தேய்க்கணும்,” என்றான் அண்ணன் ஒருநாள். “நான் படிச்சேன்.”

அவள் கிரைண்டரை நிறுத்தி அவனிடம் நீட்டினாள். “படிச்சவரு வாங்க.”

நண்பர்கள் இருவரை அன்று கூட்டி வந்திருந்தான். வேடிக்கை பார்க்க இரண்டு ஜோடிக் கண் இருக்கும்போது பின்வாங்க முடியுமா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். கிரைண்டர் சக்கரத்தை, அடிப்பிடித்த தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல ஒரே இடத்தில் வைத்து அழுத்தினான். குழி விழுந்து மெலிந்திருந்த தகரம் எவ்வளவு நேரம் தாங்கும்? ‘கிறீச்’ என்ற சத்தத்தோடு ஓட்டை விழுந்தது. உள்ளே முன்சீட்டில் இருந்த அண்ணி அந்த ஓட்டை வழியே நிமிர்ந்து பார்த்தாள்.

“தகரமே மட்டம்,” என்று அண்ணன் நண்பர்களிடம் சொன்னான்.

“ஆமாண்ணே,” என்றாள் சுத்தியல் அக்கா, கிரைண்டரைப் பிடுங்கிக்கொண்டு. “உன் கை பட்டா மலையும் மட்டம்தான்.”

அவள் செத்த பகுதியை அளவாக வெட்டி எடுத்தாள். நொறுங்கிப்போன இன்னொரு காரின் டிக்கி மூடியிலிருந்து ஒரு துண்டை நறுக்கி அந்த இடத்தில் பொருத்தினாள். கூரைத் தகரம் அகலமானது, சூடு தாங்காது. அவசரப்பட்டு வெல்டிங் வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, எட்டத்தில் ஒரு பொட்டு, நடுவே ஈரத்துணி என்று பொறுமையாக வைத்துக்கொண்டு போனாள். ஓட்டை விழாத குழிகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, அமிலம் தடவி, வெள்ளையாகத் தெரியும்வரை விடவில்லை. பட்டி டப்பாவைத் திறக்கவே இல்லை. ஈயத்தை உருக்கி மரக்கட்டையால் தேய்த்து நிரப்பினாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கூரையைத் தடவிப் பார்த்தாள். கை எங்கும் தடுக்கவில்லை. பிறகு உப்புத்தாள், பிரைமர். புருஷன் அப்பா காலத்து நீலத்தைக் கலந்து அடித்தார்.

வேலை முடிந்த அன்று அண்ணன் சாவிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“ஓட்டிப் பாக்காம விட மாட்டேன். வெல்டிங் வெச்ச கூரை ஓடும்போது அதிருதான்னு கேக்கணும்.”

“நான் ஓட்டுறேன், நீ கேளு.”

“ஸ்டியரிங் பக்கத்துல இருந்தாத்தான் எனக்குக் கேக்கும்.”

வாய் கூசாமல் சொன்ன பொய். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் ஏறினான். அண்ணி பின்னால் ஏறிக்கொண்டாள்.

லாரி, வேன், டிராக்டர் எல்லாம் ஓட்டிப் பழகிய கை அவளுடையது. இந்தக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் இதுவரை தொட்டதில்லை. பெரிய சாலைக்கு வந்தாள். கியரை மாற்றினாள். கரகரவென்று பல் அரைத்தது. பிரேக்கை மிதித்தால் முதல் மிதிக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது மிதிக்கு இடது பக்கமாக இழுத்தது. சீட்டின் ஸ்பிரிங் இடுப்பில் குத்தியது. வளைவில் திருப்பினால் பாதி வளைவு தாண்டியபிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போனது. பெட்ரோல் நெடி குமட்டியது.

இதற்காகவா? அப்பா சாவியை அண்ணனிடம் கொடுத்த அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாளே, இந்த ஓட்டை டப்பாவுக்காகவா? அவளுக்கு முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், கண்ணில் நீர் முட்டும் அளவுக்குச் சிரித்தாள்.

“எதுக்குச் சிரிக்கிற? ரோட்டைப் பாரு பாப்பா!” அண்ணன் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“ஒண்ணுமில்லண்ணே. கூரை ஜோரா இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் குப்பை.”

பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியை அவன் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அண்ணன் கண்காட்சியில் காரை நிறுத்தி, தானே இரவு பகலாக உழைத்ததாகச் சொல்லிக்கொண்டானாம். புருஷன் வந்து சொன்னபோது, “சொல்லிக்கட்டும். ஓட்டை போட்டது நிஜமாவே அவன்தானே,” என்றாள். அதற்குமேல் அதைப்பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் நீலக் கார் பட்டறைக்குள் ஊர்ந்து வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. முன் மட்கார்டு உள்ளே போயிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அண்ணி. பக்கத்து சீட்டு காலி.

“கேட் தூண்ல இடிச்சிட்டேன்,” என்றாள் இறங்கி. சேலையில் வியர்வை. “அவர் நண்பர் வீட்டுக்குப் போயிருக்கார். சாயங்காலம்தான் வருவார். அதுக்குள்ள எடுத்துடலாமா?”

சுத்தியல் அக்கா மட்கார்டைப் பார்க்கவில்லை, அண்ணியையே பார்த்தாள்.

“யாரு ஓட்டக் கத்துக் குடுத்தது?”

“யாருமில்ல. இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். அவர் செய்யறத எதையும் செய்யாம இருந்தா வண்டி நல்லாத்தான் போகுது.”

பெயிண்ட் கலந்துகொண்டிருந்த புருஷன் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சுத்தியல் அக்கா உள்ளே போய் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து நிழலில் போட்டாள். மற்ற வண்டிகளை ஓரம் கட்டச் சொன்னாள். மட்கார்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“பாப்பா, உங்க அண்ணி போனை எடுக்கல. அங்க வந்தாளா?”

“இங்கயா? அவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மத்தியானத்துக்குமேல் பெயிண்ட் காய்ந்துவிட்டது. அண்ணி ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கித் தயங்கினாள்.

“ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரல.”

சுத்தியல் அக்கா கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் போய்த் தெருவில் நின்றாள். வந்த ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தினாள். “பயப்படாதீங்க அண்ணி. மெதுவா விடுங்க. ஸ்டியரிங்கை இன்னும் ஒடிங்க... ஒடிங்க... அவ்வளவுதான், இப்ப நேரா வாங்க.”