நுனி நசுங்கிய செங்கோல்

ஆயர், அதாவது பிஷப், பிடிக்கும் செங்கோல் மூன்று துண்டாகக் கழலும் என்பது பலருக்குத் தெரியாது. திருகி மாட்டினால் ஆளுயரம் நிற்கும். கழற்றினால் ஒரு நீளப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டி இப்போது போடியில் என் வீட்டுக் கட்டிலின் மேல் கிடக்கிறது. அடித்துண்டின் நுனி நசுங்கியிருக்கிறது. எத்தனை முறை பாலிஷ் போட்டும் அந்த நசுங்கல் போகவில்லை.

ஆயர் என் கூடப்பிறந்த அண்ணன். ஆனால் அவருக்குக் குருப்பட்டம் ஆன அன்றே அந்த முறை போய்விட்டது. எண்ணெய் பூசிய கைகளை முத்தமிட, பெற்ற தாயே மகன் முன்னால் முழங்காலிட்டாள். எழுந்தவள் என் பக்கம் திரும்பி, “இனிமே அண்ணேன்னு கூப்பிடப்படாது ஆத்தா, சாமின்னுதான் கூப்பிடணும்” என்றாள். அதுவரை டா போட்டு அதட்டிய அப்பாவும் “வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி” என்று பம்மினார். எங்கள் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்களில் இதுதான் வழக்கம். அவர் வறண்ட ஊர்களில் பங்குச் சாமியாராக இருந்தார், குருமடத்தில் பாடம் எடுத்தார், பிறகு தொலைவில் ஒரு மறைமாவட்டத்துக்கு ஆயரானார். சாமி என்று கூப்பிட்டது போய், ஆயரைக் கூப்பிடுவதுபோல ஆண்டகை ஆனார். அந்தச் சேதியைப் போனில் சொன்னவர், சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை. நானும் “ரொம்பச் சந்தோசம் சாமி” என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணன் என்றால் என்னவென்று கேட்டிருப்பேன். சாமியிடம் என்னத்தைக் கேட்பது?

மலைமேல் அப்பா வேலை பார்த்த ஏலக்காய்த் தோட்டத்துக் கோவிலுக்கு ஒரு திருவிழாவின்போது பூசை வைக்க வந்தார். அந்த மலை வேறோர் ஆயரின் எல்லை. அங்கே செங்கோல் பிடிக்கவே அந்த ஆயருடைய சம்மதம் வேண்டும். கேட்டு வாங்கியிருந்தார். பூசை முடிந்து ஜீப்பில் இறங்கினோம். அவர், நான், டிரைவர், மூன்றே பேர். பட்டப்பகல்தான். மழை விட்டதும் பனி வந்து மூடியது பாருங்கள், ஜீப்பின் மூக்குகூடத் தெரியவில்லை. நிற்கவும் வழியில்லை. பின்னால் மேட்டிலிருந்து மண் சரிந்து, கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“யாராச்சும் முன்னால நடந்தாத்தான் வண்டிய நகத்த முடியும் ஆண்டகை” என்றார் டிரைவர். நான் இறங்கப் போனேன். அவர் விடவில்லை. “உன் சேலை பச்சை, தெரியாது. என் கச்சை செவப்பு” என்று சொல்லிவிட்டு, செங்கோலைத் திருகி மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சாலையின் விளிம்பைத் தட்டித் தட்டி நடந்தார். ஜீப் பின்னாலேயே ஊர்ந்தது. வெள்ளை அங்கியைப் பனி விழுங்கிவிட்டது. இடுப்புக் கச்சை மட்டும் அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் அதையே கண் கொட்டாமல் பார்த்தபடி அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன். ஒரு வளைவில் கச்சை காணாமல் போனது. தட்டும் சத்தமும் நின்றது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். இருவரும் இறங்கினோம். “ஆண்டகை! ஆண்டகை!” என்று கத்தினோம். பதிலே இல்லை. “சாமீ!” என்றேன். இல்லை. என்னை அறியாமல் அடிவயிற்றிலிருந்து வந்தது: “அண்ணே!”

“பாப்பா!” காலடியிலிருந்து கேட்டது அந்தக் குரல். “வராதீக, ரோடு இல்ல!”

விளிம்பு அப்படியே சரிந்திருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில் செங்கோலைக் குத்தி, அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஜீப்பில் கிடந்த, ஏலக்காய் மூட்டை கட்டும் கயிற்றைப் போட்டு அவரை மேலே இழுத்தோம். மோதிர விரலில் ரத்தம். கூப்பிட்டதும் ஏன் பதில் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“கேட்டுச்சு பாப்பா. ஆண்டகை பயந்து அலறலாமான்னு வாயி வரல. நீ அண்ணேன்னதும் அலறிட்டேன்.” விரலைக் கச்சையில் துடைத்துக்கொண்டே, “ஆயரா ஆன நாள்லருந்தே பயந்தான். யாருகிட்டச் சொல்ல?” என்றார்.

வீடு வந்ததும் நான் மறுபடி சாமி என்றே கூப்பிட்டேன். பழகிப்போன நாக்கு, வேறு என்ன செய்யும்?

இப்போது ஓய்வு பெற்று என் வீட்டுக்கு வந்திருக்கிறார். நாளைக்கு மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆபரேசன். இந்த வயதில் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்தான் பெட்டியைக் கொண்டா என்றார். நசுங்கிய நுனியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சு கண்ணு முழிக்கையில நர்சுக ஆண்டகைன்னு கூப்பிடுவாக. நான் பேசாமப் படுத்துக்கிருவேன். நீ வந்து கூப்பிடு, என்ன?”

பெட்டியை மூடிவிட்டு, ஒத்திகை பார்ப்பதற்காகச் சொன்னேன்: “அண்ணே.”

“என்ன பாப்பா?” என்றார், உடனே.

நாளைக்கும் இதைக் கேட்டுவிட வேண்டும்.