முன்கூட்டிச் சொன்ன சாட்சி

செலியமேட்டுக்கு அந்தாண்டை, வயலை மேடாக்கி மனை போட்ட இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சபை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்காவை வண்டியில் ஏற்றிப் போய் அங்கே இறக்கிவிடுவது என் வேலை. நான் மாரியம்மனைக் கும்பிடுகிற ஆள், உள்ளே போக மாட்டேன். வெளியே வண்டிமேல் உட்கார்ந்து மைக்கில் வருவதைக் கேட்பேன். கேட்பதற்கு ஞானஸ்நானம் வேண்டுமா என்ன?

பாஸ்டர் முன்பு வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தவர். எங்களைவிட வயதில் சின்னவர். தீர்க்கதரிசனம் என்றால் அவருக்கு உயிர். பழைய தீர்க்கதரிசிகளைப் பற்றி அவர் பேசினால், அவர்கள் ஏதோ பாகூர் பஸ்ஸில் அவரோடு நின்றுகொண்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும். "ஆண்டவரு கொழந்தயாப் பொறக்கறதுக்குப் பல தலமொறைக்கு முந்தியே, பொறந்தாச்சின்னு சொன்னாங்க. கண்ணால பாத்துட்டா சொன்னாங்க? சொல்லச் சொன்னவரு மேல நம்பிக்க" என்பார்.

அந்த நம்பிக்கையிலிருந்து சபையில் ஒரு வழக்கம் வந்திருந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்கிறவர்கள், இன்னும் கிடைக்காததைக் கிடைத்துவிட்டதாகச் சொல்வார்கள். வாடகைக்கு இருக்கிறவள், "ஆண்டவர் எனக்குச் சொந்த வூடு குடுத்துட்டாரு" என்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. நன்றியை முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்தும் இருந்தது. விதைக்கும்போதே களத்தைப் பெருக்கிவைக்கிற மனசு.

எங்கள் தெருவில் சபைக்குப் போன முதல் ஆள் அக்காதான். அத்தான் செத்த பிறகு போக ஆரம்பித்தாள். தெரு சும்மா இருக்குமா? "இன்னாடி, உன் சாமி இன்னிக்கி இன்னா குடுத்துச்சி?" என்று குழாயடியில் கேட்பார்கள். "உன் வாய்க்கு ஒரு பூட்டு கேட்டிருக்கன், வருது" என்பாள்.

நூறு நாள் வேலையில் வாய்க்கால் வாரும்போது அவள் காலில் பாட்டில் சில்லு ஏறியது. எங்கள் பக்கம் குடிக்க வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சத்தை வரப்பு வாங்கிக்கொள்ளும். அவளுக்கு ஏற்கெனவே சுகர். புண் ஆறவில்லை. பாகூரில் கட்டுப் போட்டவர்கள், உடனே பாண்டிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். நெருப்பையும் நோயையும் மிச்சம் வைக்காதே என்பார்கள். திங்கட்கிழமை போவதாக முடிவு பண்ணினோம்.

அதற்கு முந்தின ஞாயிறு பாஸ்டர் எடுத்துக்கொண்டது, வியாதியில் கிடந்த ஒரு ராஜாவின் கதை. நீ சாகப்போகிறாய், வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணிக்கொள் என்று தீர்க்கதரிசி சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறான். போனவர் திரும்பி வந்து, உன் ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டியாயிற்று என்கிறார். தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேரும் அழுதார்கள். பாஸ்டரும் அழுதார். பிறகு சாட்சி நேரம். மைக்கில் அக்கா குரல் வந்தது.

"என் கால் புண்ண ஆண்டவர் ஆத்திட்டாரு. எனக்கு ஆஸ்பத்திரி தேவயில்ல."

திங்கட்கிழமை வண்டியோடு போய் நின்றேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பலயா?"

"எங்க?"

"வெளயாடாதக்கா."

"சொல்லிட்டன்டா. அத்தன பேரு எதுர்ல மைக்குல சொல்லிட்டன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா, தவளக்குப்பம் தாண்டறதுக்குள்ள நாலு பேரு பாப்பாளுவ. இவ சாமி இவ்ளோதான்னுவாளுவ. எனக்கு வர்ற கெட்ட பேரு என்னோட போவும். ஆண்டவருக்கு வரக்கூடாது."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவள் மூடப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு புடவையைத் தாழக் கட்டிப் புண்ணுக்குப் போட்ட கட்டை மறைத்துக்கொண்டு, ஆராதனை முடியும்வரை உட்காராமல் நின்றாள். கை தட்டினார்கள். திரும்பும்போது வண்டியின் கால்வைக்கும் கம்பி ஈரமாக இருந்தது.

நாற்றம் வாசல்வரை வந்தபோது பாஸ்டரைக் கூட்டிவந்தேன். அவர் காலைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது. கையிலிருந்த வேதத்தைத் திறந்தார்.

"அக்கா, அன்னிக்கி நான் முழுசாப் படிக்கல. இங்க பாருங்க, அத்திப்பழத்த நசுக்கிப் புண்ணு மேல வச்சிக் கட்டுன்னு தீர்க்கதரிசியே சொல்றாரு. மருந்து போட்டுதான் ராஜா பொழைக்கிறான். வாங்க, போவலாம்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பாஸ்டரய்யா."

"நேரமாயிடுச்சின்னு வுட்டுட்டன்க்கா."

"ராஜா பழத்த வச்சிக் கட்டிக்கிட்டு அப்பறம் எழுந்தான். நான் எழுந்துட்டன்னு மொதல்லயே சொல்லிட்டனே. இப்பப் போயி எப்டிக் கட்டறது?"

அவர் கெஞ்சினார். நான் திட்டினேன். அவள் அசையவில்லை. காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் சபைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி தணிந்த குரலில், "எந்த எடத்துல விசுவாசம் கொறஞ்சிதோ, யோசிச்சிப் பாருக்கா" என்றாள்.

"யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? முட்டியிலதான்" என்றாள் அக்கா. சிரித்தது அவள் மட்டும்தான்.

பாஸ்டர் அதுவரை வெளியே நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார்.

"பண்ணு தம்பி" என்றாள். அவரை அவள் தம்பி என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். "எனக்குன்னு எதுவும் கேக்காத. கேட்டுட்டு, குடுத்துட்டாருன்னும் சொல்லாத."

அவர் கண்ணை மூடினார். தொடக்கத்து ஸ்தோத்திரம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஆனதும், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, அவளே ஆமென் சொல்லி முடித்துவைத்தாள்.