அம்மாவின் பத்து விரல்கள்

"படிச்சு முடிச்சு என்னத்தப் பண்ணப்போகுது? நாலு எழுத்து தெரிஞ்சா பூண்டு தன்னால உரிஞ்சுக்கிருமாக்கும்?"

நான் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் ஊர்ப் பூண்டு வியாபாரி ஒருவர் அம்மாவிடம் இப்படிக் கேட்டார். அம்மா சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். எனக்குத்தான் ஆறவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்து இரண்டு வருடம் இருக்கும். எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேலே, பூண்டிப் பக்கம். அம்மாவுக்கு இடுப்பில் வலியும் காய்ச்சலும் வந்து, மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். சனிக்கிழமை காலை ஸ்கேன் பார்த்த டாக்டர், சிறுநீரகக் குழாயில் கல் அடைத்திருக்கிறது, சீழ் பிடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்றார். அரசுக் காப்பீட்டில் செய்துவிடலாம். ஆனால் மதியம் ஒரு மணிக்குள் அனுமதி வந்தால்தான் இன்று. தவறினால் திங்கட்கிழமை. "அதுவரைக்கும் தாங்குமான்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அப்போது மணி பதினொன்று. எனக்குப் பயமே இல்லை. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வரிசையாக என் பையில் இருந்தன. ஊரில் பாதி வீட்டுக்கு அட்டைக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

கவுண்டரில் இருந்த பையனுக்கு என் வயதுதான் இருக்கும். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு. பேஷண்ட் விரல் வைக்கணும்" என்றான். முன்பெல்லாம் அட்டையைக் காட்டினால் போதும். ஒருவர் அட்டையில் இன்னொருவர் வைத்தியம் பார்ப்பதைத் தடுக்க, நோயாளியே கைரேகை வைக்க வேண்டும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். அந்தச் செய்தியை ஊரில் வாசித்துக் காட்டி, "இனிமே யாரும் ஏமாத்த முடியாது" என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். வலது கட்டை விரலை வைத்தார். பொருந்தவில்லை. இடது கட்டை விரல். பொருந்தவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பூண்டு எடுத்ததும் காய்ந்த தண்டுத் தாளை அறுத்து, வேர் நறுக்கி, விதைக்குப் பல் பிரிப்பார்கள். மாதக்கணக்கில் அதே வேலை. பூண்டுச் சாறு பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்துவிடும். ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடை மிஷின் பெரியவர்கள் விரலை எடுக்காது. அதனால் வீட்டுக்கு ஒரு படிக்கிற பிள்ளையை அனுப்பி விரல் வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அது நான். பள்ளிக்கூடப் பையோடு வரிசையில் நின்று, ஒரே தடவையில் பச்சை விளக்கு எரியவைப்பேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சோலி, என் விரல் போதும்" என்பேன். ஆதார் எடுத்தபோது வைத்ததோடு சரி, அத்தனை வருடமும் அம்மாவின் விரல் எந்த மிஷினிலும் படவே இல்லை. யாரும் அதை ஆதாரில் புதுப்பிக்கவும் இல்லை.

ஆதாரில் கொடுத்திருந்த போன் நம்பரும் எப்போதோ செத்துப்போனது. அதனால் ஓடிபிக்கும் வழியில்லை.

அம்மாவின் விரல்களை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல், மோதிர விரல். ஒவ்வொரு தடவையும் சிவப்பு. "இன்னும் ஒரு வாட்டிதான். அதுவும் தப்பாச்சுன்னா விரல் வைக்கிறது இன்னைக்கு லாக் ஆயிரும்" என்றான் அவன். மணி பன்னிரண்டேகால்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும். விதி, உரிமை, புகார் என்று பொரிந்து தள்ளினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மேடம், நீங்க இங்கிலீஷ்ல சொன்னாலும் இது விரலத்தான் கேக்கும்." பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மா என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "வாத்தா, ஊருக்குப் போயிருவோம். வலி கொறஞ்சுருச்சு." சொல்லிக்கொண்டே மறு கையால் இடுப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் பின்னால் நின்ற பெண் அப்போது என் தோளைத் தொட்டார். கீழ்மலை எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர், கணவரைச் சேர்த்திருந்தார். கையில் இருந்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். "தங்கச்சி, எங்க வீட்டு ஆளுக்கும் விரல் விழல. கண்ணப் பாக்குற மிசினு ஒண்ணு இருக்கு. போன மாசம் அதுலதான் எடுத்தாங்க. கேட்டாத்தான் வெளிய எடுப்பாங்க" என்றார்.

இத்தனை நேரம் சண்டை போட்ட நான், "வேற என்ன வழி இருக்கு?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கவுண்டர் பையன் விழித்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தானாம், அவனுக்கும் தெரியவில்லை. மாடிக்கு ஓடினான். மிஷின் வைத்திருந்த பீரோவின் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. நர்ஸ் வார்டில் இருந்தார். சாவி வந்து மிஷினை மாட்டியபோது பன்னிரண்டு நாற்பது. எஸ்டேட் பெண்தான் அம்மாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். வலியில் மூடிமூடிப் போன இமைகளை நான் விரலால் விரித்தேன். முதல் தடவை விழவில்லை. "ஏத்தா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்றார் அம்மா. இரண்டாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது.

அனுமதி வரும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. சாயங்காலம் கல்லை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டர். முன்னதாக, அனுமதி வந்த கையோடு நன்றி சொல்லலாம் என்று எஸ்டேட் பெண்ணைத் தேடினேன். அவர் வரிசையில் தன் இடத்தை விட்டு வந்ததால், மறுபடி கடைசியில் போய் நின்றிருந்தார். அன்று அவருடைய காகிதத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் எனக்குச் செய்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்குப் பதிலாக நான் நிற்பதை உதவி என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவரை எந்த மிஷினுக்கும் தெரியாத ஆளாக ஆக்கிவைத்ததும் அதே உதவிதான் என்பது இன்றும் என்னைக் குத்துகிறது. பூண்டு வேலை இல்லாத மாதங்களில் விரல் தோல் கொஞ்சம் ஆறும். அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருவில் ரேகை விழாத ஆறு பெண்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்க் கண், விரல், போன் நம்பர் மூன்றையும் புதுப்பித்துவிட்டேன். மீதி எட்டுப் பேருக்காக வருகிற சனிக்கிழமை வெள்ளனே வரச்சொல்லி ஜீப்காரரிடம் சொல்லியாயிற்று.